எஞ்சிய மணற்கரையில் கல் கொட்டாதீர்கள்: தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் உள்ள கடலோரப் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

எங்கள் மீன்பிடித் துறையில் மிச்சமிருக்கும் மணற்கரை முழுவதற்கும் கருங்கல் சுவர் கட்டவும், அதன் முனையில் கடலுக்குள் நீளும் கல் தடுப்பாகப் புதிதாக ஒரு தூண்டில் வளைவு போடவும் முடிவு செய்திருக்கிறீர்கள். இந்தச் செய்தி உங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வரவில்லை. கல் லாரி திரும்ப இடம் போதாது, குருசடிச் சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னைகளை வெட்டலாமா என்று ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து கேட்டபோதுதான் தெரியவந்தது. ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. வரைபடத்தை யாரும் காட்டவில்லை. பங்குப் பேரவைக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒரு தாள்கூட வரவில்லை. விவரம் கேட்டு எழுதிய மனுவுக்கு, "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பணிகள் மேற்கொள்ளப்படும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நிதி எப்போது வரும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஆகவே இம்முறை மனுவாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கரையில் நின்று வலை இழுக்கும் கரமடிக்காரர் குடும்பத்தில் பிறந்தவன். குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று என் ஊர். முன்னால் அரபிக்கடல், பின்னால் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய். இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் மூன்று வரிசை வீடும் ஒரு தெருவும் மட்டுமே கொள்ளும். கடல் முன்னே வந்தால் நாங்கள் பின்னே போக இடம் கிடையாது. எனவே கடலரிப்பைத் தடுக்க வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான் இல்லை. தடுக்கிறோம் என்று சொல்லி நீங்கள் செய்துவரும் வேலை அரிப்பை வளர்க்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் கடல் ஆண்டுக்கு ஒருமுறை கரையைக் கலைத்து, மறுபடி கட்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அலை உயரமாகவும் நெருக்கமாகவும் வரும். ஓர் அலை ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். ஏறும் தண்ணீரைவிட இறங்கும் தண்ணீருக்கு இழுப்பு அதிகம். அது மணலை வாரிக்கொண்டு போய், சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் திட்டாகப் போடும். பெரிய அலைகள் அந்தத் திட்டில் தட்டி அங்கேயே உடையும்; வீட்டு வாசலை நெருங்கும்போது பாதிப் பலம்தான் மிச்சமிருக்கும். காற்று தணிந்த பிறகு, நீண்ட இடைவெளி விட்டு வரும் தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றும். கடல் ஆடியில் வாங்கிய கடனை மாசிக்குள் அடைத்துவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கரையில் போதிய மணல் இருந்தால்தான் கடலுக்குள் திட்டு உருவாகும். திட்டு உருவானால்தான் வீடு தப்பும். இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் திட்ட அறிக்கையில் இதற்கு இடமில்லாமல் போனதுதான் எங்கள் வருத்தம்.

மணல் குறைந்துவிட்டது என்பதற்கு எங்களிடம் இருக்கும் சாட்சியைச் சொல்கிறேன். ஆடியில் இரவெல்லாம் கடல் அடித்த பிறகு விடியற்காலையில் கரைக்கு வாருங்கள். முந்தைய நாள் சரிவாகக் கிடந்த மணல் இடுப்பளவுக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும். அந்த வெட்டில் வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு என்று படிவுகள் தெரியும். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த எங்கள் ஊர்க் கருமணல் கனமானது. அலை அதை எளிதில் தூக்காது. வெள்ளை மணல் போய்விட, கறுப்பு தங்கிவிடும். ஒவ்வொரு கறுப்புக் கோடும் ஒரு பழைய கொந்தளிப்பின் தடம். அதன்மேல் கிடக்கும் வெள்ளை, பிறகு கடல் திருப்பித் தந்த மணல். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே முழங்கை அளவு வெள்ளை இருக்கும். அதில் நண்டு வளைகளை விரலால் தோண்டி விளையாடியிருக்கிறோம். இப்போது சில இடங்களில் கறுப்பின் மேலேயே கறுப்பு கிடக்கிறது. எடுத்ததைக் கடல் திருப்பித் தரவில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆவணம் எனக்குத் தெரியாது. அந்த வெட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போன அதிகாரிகள் உண்டு. குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஏன் திருப்பித் தரவில்லை? குழித்துறைத் தாமிரபரணியும் அந்தப் பக்கம் நெய்யாறும் மலையிலிருந்து மணலைக் கொண்டுவந்து இந்தக் கரைக்குக் கொடுத்தவை. 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்தது. பிறகு பெருஞ்சாணி வந்தது. நெய்யாற்றிலும் அணை வந்தது. மணல் அணைகளுக்குப் பின்னால் தங்கிவிட்டது. அணைகளால் வயல் விளைந்தது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அணைக்குக் கீழே ஆற்றில் மிச்சமிருந்த மணலையும் அள்ளி விற்க விட்டது யார்? ஆற்றில் மணல் அள்ளுவதைக் கவனிப்பது ஒரு துறை, கரை அரிப்பைக் கவனிப்பது இன்னொரு துறை. இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை.

இதோடு புயல்களும் சேர்ந்துகொண்டன. ஒரு புயல் எவ்வளவு பலமானது என்பதோடு, எந்த மாதத்தில் வருகிறது என்பதும் கரைக்கு முக்கியம். 2017 நவம்பர் 30 அன்று ஓகி எங்கள் கடலைக் கடந்தது. தூத்தூர் வட்டார ஊர்களில் ஓகி என்றால் திரும்பி வராத ஆண்களின் முகங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த நாள்களில் கரையைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. ஆனால் கார்த்திகை மாதம் கரை வளர வேண்டிய காலம். வளரும் நேரத்தில் மணலை இழந்த கரை, மெலிந்த நிலையிலேயே அடுத்த ஆனியைச் சந்தித்தது. 2021 மே மாதம் வந்த டவ்-தே புயல் பருவமழைக்கு முன்பே மணலை வாரிக்கொண்டு போனது. பின்னாலேயே பருவக்கடலும் வந்தது. திருவனந்தபுரம் வலியதுறையின் கடற்பாலம் அந்தப் புயலில் சேதமடைந்து, 2024-இல் இரண்டாகப் பிளந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சங்குமுகத்தில் சாலையே கடலுக்குள் சரிந்தது.

கள்ளக்கடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் எழுந்து ஊருக்குள் வரும். நமக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள், சில நாள்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் அப்படித்தான் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் முன்னால் அகன்ற மணல் இருக்கும் வீட்டுக்காரர் எச்சரிக்கை வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். மணல் இல்லாத வீட்டுக்காரர் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

இனி உங்கள் சுவருக்கு வருகிறேன். எங்கள் ஊரின் வடபாதியில் ஏற்கெனவே சுவர் இருக்கிறது. அது என்ன செய்தது என்பதைத் தினமும் பார்க்கிறோம். கல்லில் மோதும் அலைக்கு மணலில் ஏறிக் களைத்துப்போக வழியில்லை. முழுப் பலத்தோடு திரும்பி, சுவரின் அடியைத் தோண்டுகிறது. அடி தோண்டப்பட்டதும் முன்வரிசைக் கற்கள் சரிந்து மூழ்குகின்றன. மேலே மறுபடி கல் போடுகிறீர்கள், அதுவும் இறங்குகிறது. சுவருக்கு முன்னால் இருந்த மணற்கரை முற்றிலும் போய்விட்டது. கள்ளக்கடல் வரும்போது அலை சுவரைத் தாண்டி விழுகிறது. விழுந்த தண்ணீர் கடலுக்குத் திரும்ப வழியில்லாமல் சமையலறைகளில் தேங்குகிறது. சுவர் எந்த இடத்தில் முடிந்ததோ, அந்த இடத்தை அடுத்த வீடுகள்தான் அதற்குப் பிறகு வந்த பருவத்தில் முதலில் விழுந்தன. இப்போது அந்த விழுந்த வீடுகளைக் காட்டித்தான் சுவரை நீட்ட வேண்டும் என்கிறீர்கள். நீட்டிய சுவரும் எங்கேயாவது முடியத்தானே வேண்டும்? அங்கே யாருடைய வீடு இருக்கிறது என்று பார்த்தீர்களா?

இந்தக் கற்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் குன்றுகளை உடைத்து வருகின்றன. மலையில் இருப்பவர்கள் அதற்காக அழுகிறார்கள். அவர்கள் இழந்த மலை எங்களைக் காப்பாற்றியிருந்தால் ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

சுவர் எங்கள் தொழிலையும் எடுத்துக்கொண்டது. கரமடி இழுக்க மணற்சரிவு வேண்டும். வலையின் ஒரு கயிற்றுமுனை கரையில் இருக்க, வள்ளம் வலையை வளைத்துப் போட்டு மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரையேற்றும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள். ஆழ்கடலுக்குப் போக முடியாத வயதானவர்கள், காயம்பட்டவர்கள், விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையன்கள் எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கல்லின் மேல் நின்று கரமடி இழுக்க முடியாது, வலை கிழிந்துவிடும். சிறு வள்ளங்களை ஏற்றிவைக்க இடமில்லாமல் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போன கதை மாவட்டம் முழுவதற்கும் தெரியும். நெத்தோலி மீன் காயப்போட மணல் இல்லாத பெண்கள் தார்ச்சாலையின் ஓரத்தில் சாக்கை விரிக்கிறார்கள். திட்ட மதிப்பீட்டில் கல்லுக்கு விலை இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது. இந்த இழப்புக்கு ஒரு வரி இருக்கிறதா?

தூண்டில் வளைவின் கதை எல்லைக்கு அப்பாலும் போகிறது. கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், கரையோரமாக மணலை இழுத்துக்கொண்டு போகும். ஒரு பருவத்தில் தென்கிழக்கே, இன்னொரு பருவத்தில் வடமேற்கே. நடுவில் ஒரு வளைவைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும். அதே மணலுக்காகக் காத்திருந்த மறுபக்கம் அரிக்கும். நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அங்கே வீடுகளும் சாலையும் கடலுக்குள் போயிருக்கின்றன. அங்குள்ளவர்கள் தமிழகப் பக்கத்துத் தூண்டில் வளைவுகளைக் குறை சொல்கிறார்கள். இங்குள்ளவர்கள் வடக்கே கேரளக் கரையில் எழுந்த கட்டுமானங்களைக் குறை சொல்கிறார்கள். விழிஞ்ஞத்தில் புதிய துறைமுகத்தை எதிர்த்து 2022-இல் மீனவர்கள் மாதக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, கரை அரிப்பை அறிவியல்முறையில் ஆராய வேண்டும் என்பது. அவர்கள் எங்களுக்கு அந்நியர்கள் அல்ல. எங்கள் தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்கிறோம். என் அத்தை வாழ்க்கைப்பட்ட வீடு பொழியூரில்தான் இருந்தது. இப்போது அந்த இடம் தண்ணீர். எங்கள் கரையில் நீங்கள் போடும் கல் அவர்கள் கரையைத் தின்னுமானால், அதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள எங்கள் மனம் இடம்கொடாது.

இந்த எல்லைக்கோடு 1956 நவம்பர் 1 அன்று நிலத்தில் போடப்பட்டது. நீவாட்டுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனால் ஆய்வு அறிக்கை எல்லையில் தொடங்குகிறது அல்லது எல்லையில் முடிகிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த துன்பம் என்று நினைக்கவில்லை. 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஆராய்ந்த மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், கேரளக் கரையில் ஏறக்குறைய 46 விழுக்காடும் தமிழகக் கரையில் ஏறக்குறைய 43 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை ஆண்டுகள் கல் கொட்டிய பிறகும் நிலைமை இதுதான். கொச்சிக்கு அருகே செல்லானத்தில் நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டைகளை அடுக்கி டெட்ராபாட் சுவர் எழுந்தது. சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அதை மறுக்கவில்லை. சுவர் எட்டாத கண்ணமாலி மக்கள் ஒவ்வொரு பருவத்திலும் சாலைக்கு வந்து போராடி வந்திருக்கிறார்கள்.

புதுச்சேரி இதைவிடத் தெளிவான பாடம். 1989-இல் அங்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே போன மணல் அங்கே தடைபட்டது. நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம் போன்ற தமிழக மீனவ ஊர்களைத் தாக்கியது. அங்கும் பாருங்கள், ஒரு நிர்வாகத்தின் கட்டுமானம் எல்லை தாண்டிய ஊரைத் தின்றிருக்கிறது. பிறகு 2018 வாக்கில் கடலுக்கடியில் அலையை உடைக்கும் தடுப்பாக ஒரு செயற்கைப் பாரை அமைத்து, தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மணல் வந்தது, குழந்தைகள் விளையாடினார்கள். அதுவும் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. வடக்கே அரிப்பு நிற்கவில்லை. ஆனாலும் மணலைக் கொடுத்தால் கரை வரும் என்பது நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நகரத்துக்குக் கிடைத்த அந்தச் சிந்தனை எங்கள் துறைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

ஊர்மக்கள்தானே சுவர் கேட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டார்கள். அடுப்பங்கரை வரை அலை வரும்போது, எதையாவது போடுங்கள் என்று எந்தத் தாயும் கேட்பாள். அந்தக் கதறலை ஒரு தொழில்நுட்ப முடிவுக்கு ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. வேறு வழிகளும் இருக்கின்றன, அவற்றின் நன்மை தீமை இவை என்று யாராவது எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்களா? எங்கள் கரையில் இன்னும் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் ஒரே மணல்மேடு, நீங்கள் லாரிப் பாதைக்கு அளந்திருக்கும் அந்த இடம்தான். அடும்பு வேர் பிடித்த மேட்டில் காற்றோடு வரும் மணல் தங்கும். அதை இடித்துவிட்டுத்தான் கரையைக் காப்பாற்ற வேண்டுமா?

எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

எங்கள் துறையில் சுவரும் தூண்டில் வளைவும் போடும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். எதிர்வரும் இடவப்பாதிப் பருவமழைக்கு முன் ஆபத்தில் நிற்கும் வீடுகளுக்கு முன்னால் மட்டும், பிறகு அகற்றக்கூடிய மணற்பைகளை அடுக்குங்கள். மணல்மேட்டின் மேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது.

துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொட்டவோ ஏலம் விடவோ வேண்டாம். அது எங்கள் கரைக்குச் சேரவேண்டிய மணல். ஆண்டுதோறும், பருவக்காற்று ஓய்ந்த பிறகு, அரிப்பு மிகுந்த துறைகளில் அதைக் கொண்டுவந்து போடுங்கள். எல்லைக்கு அப்பால் பொழியூரில் தேவை அதிகம் என்றால் அங்கேயும் போடுங்கள், நாங்கள் தடுக்கமாட்டோம். முகத்துவாரத்திலும் உயிர் போகாது, கரைக்கும் மணல் வரும்.

விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரையிலான கரையை ஒன்றாக வைத்து ஆராய இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள். ஆறுகளில் மணல் அள்ளுவதைக் கவனிக்கும் அதிகாரிகளும் அதில் இருக்க வேண்டும். எல்லையின் இருபுறத்து மீனவர்களும், மீன் விற்கும் பெண்களும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும், பார்வையாளர்களாக அல்ல. அந்தக் குழுவின் அறிக்கை வரும்வரை இந்தக் கரையில் புதிய கல் கட்டுமானம் எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரக்கூடாது.

ஒவ்வொரு துறையிலும் அடையாளக்கல் நட்டு, கரையின் அகலத்தை மாதந்தோறும் அளந்து, ஊர்ப் பலகையில் எழுதிப்போடுங்கள். அளக்க ஆள் இல்லை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். படித்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். இதற்குக் கோடிகள் வேண்டாம்.

எந்தத் திட்டமாக இருந்தாலும், அதன் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, ஞாயிறு திருப்பலி முடிந்து ஊர் கூடும் நேரத்தில் வந்து விளக்குங்கள். கரமடி இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் விடப்படும் இடத்தை அந்த வரைபடத்திலேயே குறித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே வீடிழந்தவர்கள். உறவினர் வீட்டுத் திண்ணையிலும் வாடகை அறையிலும் இருக்கிறார்கள். ஊரைவிட்டு வெகுதூரத்தில் ஒரு குடியிருப்பைக் காட்டி, கையெழுத்துப் போடு என்று கேட்காதீர்கள்; கடலைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு கடல் தொழில் செய்ய முடியாது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், நடந்துபோகும் தூரத்தில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா கொடுங்கள். இந்த ஆண்டு ஆனிக்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
எல்லையோரத் துறை ஒன்றின் கரமடிக்காரன்